கேஜ் வாயில் சந்தனம்

நான் கத்தி செய்ய வந்த கதையை இப்போது ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். கும்மிடிப்பூண்டி டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் என்னைப் பற்றி எனக்கே புதிதாக ஏதாவது தெரியவரும். மேனேஜர் முகத்தில் வேலையை விட்டெறிந்தேனாம். 'இனிமேல் என் கைக்கு நான்தான் முதலாளி' என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் தாண்டினேனாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது அதுவல்ல. நடந்ததைச் சொன்னால் எனக்கு ஒரு டீ வாங்கித் தரக்கூட எவனும் முன்வர மாட்டான்.

என் பெயர் துலுக்காணம். ஊருக்கு மேற்கே மேட்டு நிலத்தை வளைத்துத் தொழிற்பேட்டை போட்டபோது எங்கள் முக்கால் ஏக்கரும் அதில் போயிற்று. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று, லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை செய்கிற ஒரு கம்பெனியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். உலையில் சிவந்து வரும் பட்டையை நீள இடுக்கியால் பிடித்து எண்ணெய்த் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு பட்டை. மூன்று வருஷம். முதல் பட்டைக்கும் கடைசிப் பட்டைக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்கக் கூடாது. மனுஷனை மாடாக்க இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. மாட்டையாவது நாங்கள் அமாவாசையில் ஏரில் பூட்ட மாட்டோம்.

கம்பெனியில் சாமி என்றால் அது கேஜ்தான். உள்ளங்கையில் அடங்குகிற, இரண்டு பக்கமும் வாய் வைத்த ஓர் இரும்புத் துண்டு. பட்டை பெரிய வாய்க்குள் நுழைய வேண்டும், சின்ன வாய்க்குள் நுழையக் கூடாது. பெரிய வாயில் நுழையாவிட்டால் அகலம் கூட. சின்ன வாயிலும் நுழைந்துவிட்டால் அகலம் குறைச்சல். பழக்கினால் என் வீட்டுக் கோழிகூடப் பார்த்துச் சொல்லும். ஆனால் அதற்கென்று டிப்ளமா படித்த இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். துளசிராமன் என்று பெயர். வேப்பம்பட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி வருவார். பட்டையின் ஓரம் தேய்க்கிற கிரைண்டருக்கும் என் உலைக்கும் நடுவில் அவர் மேஜை. அவர் கையைத் தாண்டாமல் ஒரு பட்டையும் என்னிடம் வராது.

கேஜை அவர் ஒருநாளும் அழுத்த மாட்டார். "தானா போவணும்பா. தள்ளினா அது அளவு இல்ல, அராஜகம்" என்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று இவரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கிரைண்டர் ஆள் ஒரு வாரம் லீவு போட்டபோது என்னை அங்கே நிறுத்தினார்கள். பட்டையின் நான்கு மூலையும் கூராக இருக்கும், தூக்குகிறவன் கையைக் கிழிக்கும். ஒரு பட்டையின் மூலைகளை லேசாக உருட்டித் தேய்த்து, தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறதே என்று மேஜையில் வைத்தேன். துளசிராமன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது இன்னாப்பா?"

"கையக் கிழிக்காது சார். பாக்கறதுக்கும் அழகா கீது."

"அழகு டிராயிங்குல இல்லியே" என்று சொல்லி, அதன் மேல் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துக் கீழே போட்டார். சிவப்புக் கோடு என்றால் ரிஜெக்ட். எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் வந்தது. அழகு எங்கே இல்லை என்பதை ஒரு மனுஷன் இத்தனை சரியாகத் தெரிந்துவைத்திருக்கிறானே என்று.

அந்த வாரமே வீட்டுக் கொல்லையில் ஓர் உலை போட்டேன். தரையில் ஒரு குழி, அடுப்புக் கரி, கையால் சுற்றிக் காற்றடிக்க ஒரு பழைய விசிறிச் சக்கரம். கம்பெனியில் வெட்டி விழுகிற கையகலத் துண்டுகளை வாட்ச்மேனிடம் காட்டிவிட்டு எடுத்துப்போகலாம். முழுப் பட்டைதான் கேட்டைத் தாண்டாது. பொன்னேரி சந்தையில் வாங்கிய காய்கறிக் கத்தியை என் மனைவி செங்கம்மாள் தினமும் திட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு மாற்றாக ஒன்று செய்வது என்று ஆரம்பித்தேன்.

முதல் கத்தியைத் தண்ணீரில் முக்கினேன். டிக்கென்று ஒரு சத்தம், நடுவில் விரிசல். இரண்டாவதைச் செங்கம்மாளின் கடலை எண்ணெயில் முக்கினேன். கத்தி பிழைத்தது, நான் பிழைக்கவில்லை. மூன்றாவது கை தவறிக் கல்லில் விழுந்து இரண்டாக உடைந்தது.

"மூணு வருசமா கம்பெனில இன்னாதான் பண்ணிக்கினு இருந்த?" என்று கேட்டாள் அவள்.

நியாயமான கேள்வி. தினம் முந்நூறு பட்டையை முக்கியவனுக்கு ஒரு கத்தியை முக்கத் தெரியவில்லை. கம்பெனி எனக்குக் கற்றுக்கொடுத்த லட்சணம் அதுதான்.

பிறகு மெல்லப் பிடிபட்டது. முக்கியெடுத்த கத்தியைத் தேய்த்து வெள்ளையாக்கி மறுபடி சூடு காட்டினால் இரும்பின் மேல் நிறம் ஓடும். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கூர் நிற்கும். நீலம் வரை விட்டால் வளைந்து கொடுக்கும். கம்பெனியில் இதற்கு மீட்டர் உண்டு, முள் காட்டுகிற இடத்தில் நிறுத்துவார்கள். இங்கே என் கண்தான் முள். எந்தக் கத்தியை எங்கே நிறுத்துவது என்று நான் முடிவு செய்தேன். தப்பானால் என் தப்பு. அது எனக்குப் பிடித்திருந்தது. வெகு காலத்துக்குப் பிறகு ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது.

"பயிர் வெக்கிற ஊட்டுப் புள்ளைக்குக் கொல்லு வேல கேக்குதா" என்று ஊரில் பேசினார்கள். பயிர் வைக்க நிலம் எங்கே இருக்கிறது என்று மட்டும் எவனும் கேட்கவில்லை.

நாலு கத்தி சரியாக வந்ததும் எனக்குத் தலை கனத்துவிட்டது. பித்தளைப் பூண், மயில் கழுத்துப் பிடி, அலகு முழுக்கக் கொடி என்று ஒரு கத்தி செய்து, மீன் மார்க்கெட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே கங்கம்மாள் என்றொருத்தி, பழவேற்காட்டு ஏரி மீனைக் காலை பஸ்ஸில் கூடையோடு கொண்டுவந்து விற்பவள். ஐம்பது வயது, வாய்க்குப் பூட்டு கிடையாது. கத்தியை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னா நைனா இது, சாமி ஊர்கோலத்துல புடிக்கறதா?"

"மீன் அறுக்கற கத்தி."

"எந்த மீன? செதிலெல்லாம் இந்த மயிலு மூக்குலதான் போய் குந்தும்." கத்தியைக் கூடை மேல் போட்டாள். "நாங்க அறுக்கறது அருவாமணையில. கத்தி நிக்கும், மீனு போவும் வரும். மூணு வருசமா என்னாண்ட மீன் வாங்கறியே, ஒரு நாளாச்சும் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. துளசிராமன் கேஜைப் பார்த்தார், நான் என் மயிலைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே ரகம். அவமானமாக இருந்தது. மயிலை மடியில் சொருகிக்கொண்டு அங்கேயே ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன்.

மற்றப் பெண்கள் ஒரு காலை மடக்கி அரிவாள்மணைப் பலகையை அழுத்திக்கொண்டு அறுத்தார்கள். கங்கம்மாளுக்கு வலது முட்டி மடங்காது. எப்போதோ படகில் அடிபட்டதாம். ஒவ்வொரு மீனுக்கும் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுப் பலகையை மிதிக்கச் சொன்னாள். பக்கத்துக் கடைக்காரியோ முனகிக்கொண்டே வந்தாள். அறுத்துக் கொடுக்கத் தாமதமானதும் வாங்க வந்தவர்கள் அடுத்த கூடைக்கு நகர்ந்தார்கள்.

"மடங்காத காலுக்கு ஒரு அருவாமணை பண்ணு" என்றாள் கங்கம்மாள். "நீ கொல்லனா இல்ல சும்மா பேஜாரு புடிச்சவனான்னு அப்பால சொல்றேன்."

அன்று சோறு இறங்கவில்லை. சுவரில் கரியால் கிறுக்கிக்கொண்டே இருந்தேன். பலகையை நீட்டி, அதன் வாலிலேயே அவள் உட்கார்ந்துவிட்டால் அவள் கனமே பலகையை அழுத்தும். கால் நீண்டே கிடக்கட்டும். அலகு நடுவில் வேண்டாம், இடது பக்கம் தள்ளி, அவளைப் பார்த்துச் சாய்ந்து நிற்கட்டும். இந்த உலகத்தில் இதற்கு டிராயிங் கிடையாது. யாரும் இதை இதற்கு முன் போட்டதில்லை. அந்த நினைப்பே போதை ஏற்றியது. ஒரே ஒரு இடைஞ்சல்தான். அந்த அலகுக்குக் கையகலத் துண்டு பற்றாது. முழுப் பட்டை வேண்டும்.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது. அந்த வருஷம் அது ஒரு செவ்வாய்க்கிழமை. மெஷின்களைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பொரியும் கடலையும் பொட்டலம் போட்டுக் கொடுத்தார்கள். வருஷம் முழுக்க எங்களை உதைக்கிற மெஷினுக்கு ஒரு நாள் நாங்கள் பொட்டு வைத்துக் கும்பிட வேண்டும். துளசிராமன் தன் கேஜை மண்ணெண்ணெயில் குளிப்பாட்டித் துடைத்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, மேலே குங்குமமும் வைத்தார். எங்கே வைத்தார் என்றால், பெரிய வாய்க்குள்ளே. குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர் மாதிரி விரலை உள்ளே விட்டு வைத்தார்.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. பூஜை போட்ட பொட்டைத் துடைக்கக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது சாஸ்திரம். கேஜை அழுத்தக் கூடாது என்பது டிப்ளமா. இரண்டும் சேர்ந்துகொண்டால் இரும்பு என்ன செய்யும். முதல் பட்டையை வைத்தார், நுழையவில்லை. "அகலம் கூட" என்றார். இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. எல்லாமே அகலம் கூட.

கிரைண்டரில் பச்சையப்பன் நின்றிருந்தான். என்னைவிட இளையவன், டெம்பரவரி ஆள், அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆக வேண்டியவன். இடதுகைக்காரன். அவன் ஊரில் இடதுகையால் கதிர் அறுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்று வரப்பிலேயே ஏற்ற மாட்டார்களாம். அதனால்தான் கம்பெனிக்கு வந்தான். கொண்டுவரும் நாஷ்டாவில் பாதியை எனக்கு வைப்பான். ஆனாலும் அவனைப் பார்த்தாலும் எனக்கு இளக்காரம்தான். கேஜ் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிற முகம் அவனுக்கு.

"அகலம் கூட" என்றதும் அவன் பட்டைகளை எடுத்துப்போய் இன்னும் கொஞ்சம் தேய்த்தான். சந்தனம் அடைத்த வாய்க்குள் இப்போது நுழைந்தது. சின்ன வாயில் வைத்துப் பார்த்தார்கள், அதிலும் நுழைந்தது. "குறைச்சல்" என்றார் துளசிராமன். சிவப்புக் கோடு. சந்தனம் உரசி உரசி மெருகேறிக் கல்லாகிவிட்டிருந்தது. தேய்த்தால் குறைச்சல், தேய்க்காவிட்டால் கூட, எதற்கும் சிவப்புக் கோடுதான். பிரம்மாவே வந்து பட்டை செய்து கொடுத்தாலும் அன்றைக்குப் பாஸ் ஆகியிருக்காது.

பட்டை வராததால் எனக்கு வேலை இல்லை. மேஜைக்கு எதிரில் கை கட்டிக்கொண்டு நின்றேன். பத்தாவது பட்டையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கேஜைத் தூக்கியபோது வாயின் உள்பக்கம் மஞ்சளாக மின்னியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், 'சார், பொட்டு' என்று. சொல்லவில்லை. முதலில், அந்த ஆள் முட்டாளாவதைப் பார்க்க ஆசையாக இருந்தது. அப்புறம் குவியலைப் பார்த்தேன். சூடு காணாத பச்சை இரும்பு, முழுசு முழுசாக, அலகு அடிக்க வேண்டிய பதத்தில் கிடந்தது.

இரண்டு நாளில் இருநூற்றுக்கும் மேல் சேர்ந்துவிட்டது. சென்னையிலிருந்து காரில் வந்த மேனேஜர் குவியலைக் காலால் தட்டிப் பார்த்து, "சனிக்கிழமை ஸ்கிராப் லாரி வருது. அதுக்குள்ள வேணுங்கறவன் ரெண்டு எடுத்துக்கோங்க" என்று எரிச்சலோடு சொன்னார். மற்றவர்கள் ரெண்டு எடுத்தார்கள். நான் சைக்கிளில் இரண்டு நடை கட்டி இருபது எடுத்தேன். பச்சையப்பன் மறுபடி தேய்த்துக் கெடுக்காத பட்டைகளாக, சரியான அளவுள்ளவையாகப் பார்த்துப் பொறுக்கினேன். எனக்குத்தான் தெரியுமே.

வேண்டியது கிடைத்ததும் பயம் பிடித்தது. வியாழக்கிழமை மாலை துளசிராமன் டீக்குப் போன நேரத்தில், நான் செய்த சின்னக் கத்தியின் முனையால் கேஜ் வாயிலிருந்த சந்தனத்தைச் சுரண்டி ஊதிவிட்டேன். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இதைவிடக் கேவலமான புத்திசாலித்தனத்தை நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை பச்சையப்பனை ஒதுக்கி வைத்துவிட்டு வேறொருவனைக் கிரைண்டரில் நிறுத்தினார்கள். கேஜ் சுத்தமாக இருந்தது. அவன் தேய்த்த பட்டை எல்லாம் பாஸ் ஆயின. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "மிஷின் அதே, கேஜ் அதே, ஆளுதான் வேற" என்றார் மேனேஜர். இடதுகைக்காரனை மெஷினில் விட்டதே தப்பு என்றார் துளசிராமன். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சனிக்கிழமை மத்தியானம் பச்சையப்பனிடம் சொன்னார்கள். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதே சனிக்கிழமை சாயங்காலம் நான் என்ன செய்தேன் தெரியுமா. கங்கம்மாளுக்கு அரிவாள்மணை கொண்டுபோனேன். வெள்ளி, சனி இரண்டு நாளும் கம்பெனிக்கு முன்னும் பின்னும் உட்கார்ந்து அடித்தது. அவள் பலகையின் வாலில் உட்கார்ந்து, காலை நீட்டி, ஒரு கொடுவாவை எடுத்து அலகில் வைத்தாள். தலை தனியாக வந்தது. யாரையும் கூப்பிடாமல், யாரிடமும் பேச்சு வாங்காமல், வரிசையாக ஆறு மீன் அறுத்தாள்.

"பரவால்ல" என்றாள். "கம்பெனிக்காரன் கையிலகூட கொஞ்சம் புத்தி கீது."

அவளிடமிருந்து அது பெரிய பட்டயம். மற்றப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்திக்கு நண்டு உடைக்க மூக்கு வேண்டும், ஒருத்திக்குப் பலகை மடங்க வேண்டும். ஒவ்வொருத்திக்கும் ஒன்று, ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. பச்சையப்பன் ஞாபகம் வராமல் இல்லை. அவனுக்கு வேறு வேலை கிடைக்காமலா போகும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டுக்கு வந்தான்.

"ண்ணா, ஒரு ஒத்தாச பண்ணணும்" என்று கொல்லையில் வந்து குந்தினான். "எளாவூர் பக்கம் கடைசி அறுப்புக்கு ஆள் கூப்புடறாங்க. ஒரு ஓரமா வுட்டா அறுக்கலாம்னு கீறேன். கடையில விக்கிற அருவா எனக்கு ஒதவாது. பல்லு எல்லாம் வலதுகைக்குத்தான் வெட்டி வெச்சிக்கீறான். இடதுகைக்கு ஒண்ணு அடிச்சுக் குடுண்ணா. டப்பு அப்பால தரேன்."

"இடதுகை ஆள வுடுவாங்களா?" என்றேன்.

"மொகத்தப் பாக்காம குனிஞ்சி அறுத்துக்கினே போய்ட வேண்டியதுதான்" என்று சிரித்தான்.

பேசிக்கொண்டே பக்கத்தில் அடுக்கியிருந்த பட்டைகளில் ஒன்றின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினான். தடவிய கை நின்றது. மறுபடி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவினான்.

"இது நான் தேச்சது" என்றான். "மொத நாளு தேச்சது. சரியாத்தானேண்ணா கீது?"

குற்றம் சாட்டவில்லை. சந்தேகப்படவும் இல்லை. தன் கைமேல் தனக்கே நம்பிக்கை போய், கத்தி செய்கிறவன் சொன்னால் நம்பலாம் என்று என்னைக் கேட்டான். நான் அந்தப் பட்டையை வாங்கித் தடவிப் பார்ப்பதுபோல் நடித்தேன். "கேஜ் வெச்சாத்தான் தெரியும்" என்றேன். இத்தனை வருஷம் நான் காறித் துப்பிய வார்த்தை என் வாயிலிருந்தே வந்தது. அவன் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனான்.

அன்று பகல் முழுக்க அவனுக்கு அரிவாள் அடித்தேன். அவன் கிரைண்டரைப் பிடிக்கிற விதம் எனக்கு மனப்பாடம். மணிக்கட்டு உள்பக்கம் திரும்பும், கட்டைவிரல் மேலே ஏறும். அதற்குத் தகுந்தாற்போல் வளைவைத் திருப்பினேன், பற்களை மறுபக்கம் சாய்த்து ஒவ்வொன்றாக உளியால் வெட்டினேன். இடதுகைக்கென்று ஓர் அரிவாள் அந்தச் சுற்று வட்டாரத்தில் அதற்கு முன் இருந்திருக்காது. நான் செய்ததிலேயே உருப்படியானது அதுதான். செய்து முடித்துப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை. கங்கம்மாளுக்கு ஒரு கால் கொடுத்தேன் என்று நேற்று ஆடியவன், இவன் கையை ஒடித்துவிட்டு அதற்கு அழகாகப் பிடி போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது.

குவியலின் மிச்சத்தை லாரி அள்ளிப்போய்விட்டது. அவன் முதல் நாள் சரியாகத்தான் தேய்த்தான் என்பதற்கு இந்த உலகத்தில் இருந்த சாட்சி, இருபதில் நான் அடித்தது போக என் கொல்லையில் மிஞ்சிக் கிடந்த பதினாறு பட்டைதான். அதைத் திருப்பிக் கொடுத்தால் மீன்காரிகளுக்குச் சொன்ன வாக்கு போகும், வேலை போகும், உலை அணையும். கொடுக்காவிட்டால் ஒன்றும் போகாது. அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

"எங்க எடுத்துக்கினு போற?" என்று திங்கட்கிழமை காலை செங்கம்மாள் கேட்டாள். சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவள் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து, பட்டைகளைச் சைக்கிளில் இறுக்கிக் கட்டினாள்.

கேட்டில் வாட்ச்மேன் குழம்பிப்போனான். இரும்பை வெளியே கொண்டுபோகிறவனைப் பிடிக்கத்தான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள், உள்ளே கொண்டுவருகிறவனை என்ன செய்வதென்று சொல்லவில்லை. பச்சையப்பன் கணக்குத் தீர்த்துக்கொள்ள வந்து, ஆபீஸ் வாசலில் நின்றிருந்தான். அவனையும் கூப்பிடச் சொன்னேன். மேனேஜர் முன்னால், துளசிராமன் மேஜை மேல் பதினாறு பட்டையையும் அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் அவர் போட்ட சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

"கேஜ் வெச்சிப் பாருங்க சார்."

வைத்தார். பெரிய வாயில் தானாகப் போயிற்று. சின்ன வாயில் போகவில்லை. பதினாறும் அப்படித்தான். துளசிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இது எப்டி?" என்றார்.

"பூஜைக்கு நீங்க வெச்ச பொட்டு சார். பெரிய வாய்க்குள்ள."

மேனேஜர் கேஜை வாங்கி, சட்டையிலிருந்த குண்டூசியால் வாயின் மூலையைக் கீறினார். மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை காகிதத்தில் விழுந்தது. அவர் அதை மோந்துகூடப் பார்த்தார். நான் விட்ட மிச்சம் அது. பிறகு என்னைப் பார்த்தார்.

"இத நீ எப்பப் பாத்த?"

நேற்றுத்தான் யோசித்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் கெட்டிக்காரன் என்று தட்டிக் கொடுத்திருப்பார்கள். நாக்கு நுனி வரை வந்தது. பச்சையப்பன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், எனக்காகச் சந்தோஷப்படத் தயாராக இருந்த முகம். ஊரில் உள்ளவனையெல்லாம் கேவலமாகப் பார்த்துப் பழகியவன் நான். என்னையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டுச் சாகும் வரை பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை.

"புதங்கெழம காலையிலயே பாத்தேன் சார்" என்றேன். "இரும்பு வேணும்னு சொல்லாம வுட்டேன். வியாழக்கெழம நான்தான் சுரண்டினேன்."

பச்சையப்பன்தான் முதலில் கேட்டான்.

"மொத நாளே தெரியுமா?"

"தெரியும்."

"நேத்து நான் கேட்டப்பயும்?"

"தெரியும்."

அவன் தலையை ஒரு தரம் ஆட்டினான். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரத்தில் என்னை வெளியே அனுப்பினார்கள். நான் கொண்டுவந்த பதினாறு பட்டையில் சிவப்புக் கோட்டைத் துடைத்துவிட்டு அன்றைக்கே உலைக்கு அனுப்பினார்களாம், வேறு எவனோ முக்கினானாம். பச்சையப்பனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆனான். துளசிராமனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் பொட்டைக் கேஜின் வெளிப்பக்கம் வைத்தார் என்று கேள்வி. டிப்ளமா படித்தவர் இல்லையா, கற்றுக்கொள்வார்.

இப்படித்தான் நான் கத்திக்காரன் ஆனேன். கல்கத்தா ரோட்டுக் காயலான் கடையில் உடைந்த லாரிப் பட்டைகளை எடைக்கு வாங்குகிறேன். மீன்காரிகளுக்குச் சொன்ன வாக்கைத் தாமதமாகவேனும் காப்பாற்றினேன். சென்னையிலிருந்து ஓர் ஓட்டல்காரர் வந்து, ஒரே மாதிரி ஐம்பது கத்தி கேட்டார். முடியாது என்றேன். வேலையை விட்டெறிந்த வீரன் அல்லவா, அப்படித்தான் பேசுவான் என்று டீக்கடையில் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சையப்பன் வந்தான். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, கொல்லையில் வந்து நின்றான். குந்தவில்லை. நான் உள்ளே போய் அந்த அரிவாளைத் துணி பிரித்து எடுத்து வந்தேன். கத்தியோ அரிவாளோ எங்கள் பக்கத்தில் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். தரையில் வைப்போம், வாங்குகிறவன் எடுத்துக்கொள்வான். தரையில் வைத்தேன்.

இடதுகையால் எடுத்தான். கை அதற்குள் போய் உட்கார்ந்தது. காற்றில் ஒரு வீச்சு வீசிப் பார்த்தான். கட்டைவிரலால் பற்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவினான். அவன் முகத்தில் ஒரு நிமிஷம் ஆசை வந்ததை நான் பார்த்தேன்.

"அளவு சரியா கீது" என்றான்.

எடுத்த இடத்திலேயே குனிந்து வைத்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. தினமும் இரண்டு வேளை இந்த வழியாகத்தான் கம்பெனிக்குப் போகிறான், வருகிறான்.

அரிவாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. துரு ஏறாமல் மாதம் ஒரு தரம் எண்ணெய் போடுகிறேன். ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டு வைப்பதில்லை. கையில் கொடுத்தால் பகை வரும் என்பார்கள். நான் கீழேதான் வைத்தேன்.